பூட்டி வைத்தால் கெடும் கேமரா

உலகம் டிஜிட்டலை நோக்கி ஓடத் தொடங்கியிருந்த 2000-ஆம் ஆண்டில், நிக்கான் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட தன் எஸ்3 கேமராவை மறுபடியும் செய்து விற்றது. பேட்டரி கிடையாது. லைட் மீட்டர் கிடையாது. ஆட்டோஃபோகஸ் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளி நிறத்தில் 8,000, இரண்டு ஆண்டு கழித்துக் கறுப்பில் 2,000. அதோடு சரி.

வரைபடத்தை வைத்துக்கொண்டு செய்துவிடலாமே என்று தோன்றும். அது போதவில்லை. பழைய எஸ்3-களைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக அளந்து, ஓய்வுபெற்ற பழைய கைகளிடம் கேட்டுத்தான் மிட்டோ நிக்கான் ஆலையில் வேலை நடந்தது. கேமரா பழுதுபார்ப்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஷட்டர் துணியை எவ்வளவு இழுத்துப் பிடித்து ஒட்டுவது, ஸ்பிரிங்கை எந்த அளவுக்கு முறுக்கியதும் நிறுத்துவது என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தாலும், கைக்குப் பிடிபட நாளாகும்.

எஸ் வரிசை கேமராக்கள் இரண்டு ஜெர்மன் வீடுகளில் பெண் எடுத்தவை. லென்ஸ் பூட்டும் முறையும், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் அமைப்பும் கான்டாக்ஸ் வழி. ஷட்டர் லைக்கா வழி. கான்டாக்ஸின் உலோகப் பட்டை ஷட்டரைப் பிரித்துப் பார்த்த எந்த மெக்கானிக்கும், அதைக் காப்பியடிக்காமல் விட்டது புத்திசாலித்தனம் என்றே சொல்வார்.

எஸ்3-இன் அடியில் உள்ள இரண்டு பூட்டுகளைத் திருப்பினால் முதுகும் அடிப்பாகமும் ஒன்றாகக் கழன்று வரும். உள்ளே நடப்பதைப் பார்க்க இதைவிட வசதி வேண்டாம். லீவரை ஒருமுறை இழுத்தால் மூன்று வேலை நடக்கிறது: ஃபிலிம் எட்டுத் துளை அளவு, அதாவது 38 மில்லிமீட்டர் நகர்கிறது, எண்ணிக்கைத் தட்டு ஒரு கோடு தள்ளுகிறது, ரப்பர் பூசிய பட்டுத்துணித் திரைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி, நடுவில் ஒளி புகாமல், உருளையில் சுற்றிக்கொள்கின்றன. படம் 36 மில்லிமீட்டர். மிச்சம் இரண்டு மில்லிமீட்டர்தான் இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி.

பொத்தானை அழுத்தினால் முதல் திரை ஓடும். சற்றுப் பின்னால் இரண்டாம் திரை துரத்தும். நடுவில் திறக்கும் பிளவு வழியாகத்தான் ஒளி ஃபிலிமைத் தொடுகிறது. 1/1000 வினாடி என்று டயலில் வைத்தால் திரைகள் வேகமாக ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, எந்த எண்ணுக்கும் ஓட்டம் ஒன்றுதான். மாறுவது பிளவின் அகலம். 1/1000-இல் அது ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட ஓட ஸ்பிரிங்கின் இழுப்பில் திரை வேகம் பிடிக்கும். பிளவு அப்படியே இருந்தால் படத்தின் ஒரு ஓரம் வெளுத்தும் மறு ஓரம் கறுத்தும் போகும். அதனால் ஓடும்போதே பிளவு கொஞ்சம் கொஞ்சமாக விரிய வேண்டும். அந்த விரிவு சரியாக வர, இரண்டு ஸ்பிரிங்குகளின் முறுக்கையும் ஒன்றுக்கொன்று இணங்க வைக்க வேண்டும். சோதனைக் கருவியில் எண் சரியாக வந்த பிறகும் நல்ல மெக்கானிக் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பார்.

மெதுவான வேகங்களுக்குத் தனிப் பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. ஒரு வினாடிக்கு வைத்தால், அது கரகரவென்று சுழன்று இரண்டாம் திரையைப் பிடித்து நிறுத்தி, பிறகு விடும்.

ஃபோகஸ் செய்யப் பொத்தானுக்கு முன்னால் ஒரு சிறு சக்கரம். விரலை அங்கே வைக்கும்போது பக்கத்திலுள்ள ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலை அடுத்த விரல் மறைத்துவிடும். ஆகவே அதைத் தூக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். வியூஃபைண்டரில் உருவம் கண்ணால் காணும் அதே அளவு. அதனால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே எடுக்கலாம், தெருவில் எடுப்பவருக்கு இது பெரிய வரம். 35, 50, 105 மில்லிமீட்டர் லென்ஸ்களுக்கான கட்டங்கள் மூன்றும் எப்போதும் தெரிந்துகொண்டே இருப்பது கொஞ்சம் நெரிசல்தான். கண்ணாடி போட்டவர்களுக்கு 35-இன் ஓரம் தெரியவும் செய்யாது. ஆனால் கூட வரும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழுவது மூன்று சென்டிமீட்டர் ஆழம் மட்டும். அந்த நேரத்தில் கட்டங்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் இரட்டை உருவம் ஒன்றாவதில்தான் முழுக் கவனமும்.

சிக்கல் வேறிடத்தில். பெட்டி பிரிக்காத எஸ்3-க்குத்தான் சேகரிப்பாளர்களிடம் விலை. ஒரு ரோல் ஓட்டினாலே மதிப்பு இறங்குகிறது. ஓட்டாமல் வைத்தாலோ பல்சக்கரத்தில் உள்ள எண்ணெய் உலர்ந்து இறுகுகிறது, திரையின் ரப்பர் விறைக்கிறது. 2000-இல் வாங்கிப் பீரோவில் வைத்த கேமராவைவிட, இத்தனை வருடமும் மாதம் ஒரு ரோல் ஓட்டியவரின் கேமரா உள்ளே நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பீரோவில்தான் வைப்பேன் என்பவரும் மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் தட்டிவிட்டு, லீவரை இழுக்காத நிலையில் வைத்தால் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

பழையதாக வாங்குபவர் முதுகைக் கழற்றி, டயலை ஒரு வினாடிக்குத் திருப்பி அழுத்திப் பார்க்கலாம். கரகரப்பு நடுவில் திக்கினாலோ, நின்றுபோனாலோ எண்ணெய் இறுகிவிட்டது. அடுத்து, லென்ஸைக் கழற்றி இருட்டறையில் திரைக்குப் பின்னால் டார்ச் அடிக்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் முந்தைய உரிமையாளர் லென்ஸ் மூடியில்லாமல் கேமராவை வெயிலில் வைத்திருந்திருக்கலாம்: உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத இவ்வகைக் கேமராவில் லென்ஸ் குவிக்கும் சூரியன் நேரே துணியில் விழுந்து பொத்தல் போட்டுவிடும். கடைசியாக 1/1000-இல் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம். ஓட்டம் முடியும் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய ஆகும் கூலியைப் பேசும் விலையிலேயே கழித்துக்கொள்ளலாம்.