குடியிருந்துக்கிட்டே ஒரு வீடு

(இரண்டாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு)



கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது எப்படி என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பென் டிரைவைச் செருகு, பயாஸுக்குள் போ, பூட் வரிசையை மாற்று, முடிந்தது கதை. அந்த பயாஸே பூட்டிக் கிடந்தால்? "தூக்கிப் போடுடா" என்றார்கள் சிலர். தூக்கிப் போடுகிற வசதி உள்ளவர்கள் இத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்!

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு பார்ப்பவர். நான் டிப்ளமோ சேர்ந்ததும் அப்பா சீட்டு எடுத்து, 9,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தந்தார். ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டது. 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பயாஸுக்குள் நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்கும். விற்ற கடையில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்குத் தம்பி, ஆன் ஆகுதுல்ல?" என்றார்கள். ஆன் ஆனது, உண்மைதான்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் அது டி.பி.எம். 2.0 வேண்டும் என்கிறது. எங்கள் மெஷினில் அது கிடையாது. அம்மாவின் குழுக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் பென் டிரைவிலிருந்து பூட் ஆகாது. விண்டோஸ் இடையில் கெட்டுப்போனால் அதைத் திரும்பப் போடவும் வழியில்லை. 9,000 ரூபாய் சாமான் செங்கல்லாகிவிடும். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் உட்கார்ந்தே லினக்ஸைக் கட்ட வேண்டும்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. லினக்ஸே 1991-இல் மினிக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்துக்குள் இருந்துகொண்டுதான் எழுதப்பட்டது. 2008-இல் உபுண்டுவோடு 'வூபி' என்று ஒன்று வந்தது. சாதாரண விண்டோஸ் புரோகிராம் போல லினக்ஸைப் போட்டுவிடலாம். 2013-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, குடியிருக்கிற வீட்ட இடிக்காமலே பக்கத்துல புதுசு கட்டுற மாதிரியா?"

"ஆமாப்பா."

"எடம் இருக்கா?"

"இருக்கு. பிரிக்கணும்."

"சாமான் எங்க போடுவ? அதுக்கு ஒரு பந்தல் வேணும். அப்புறம் ஒண்ணு, பொதுச் சுவர்ல கை வைக்காத. வாசலத் தனியா வச்சுக்க. நான் பாத்த அம்புட்டு வம்பும் பொதுச் சுவர்லதான் வந்துச்சு."

நண்பர்களே, எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை!

முதலில் இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கலாம். 350 ஜி.பி. காலியாக இருந்தும் பாதிக்குக்கூட அது சம்மதிக்கவில்லை. நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்ததுதான் காரணம். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் நிறுத்தி, பழைய ரீஸ்டோர் பாயின்டுகளை அழித்து, ரீஸ்டார்ட் செய்ததும் வழிவிட்டது. எம்.பி.ஆர். முறையில் பிரைமரி பார்ட்டிஷன் 4-க்கு மேல் கூடாது. ஏற்கெனவே 2 இருந்தன. பந்தலுக்கு 1, வீட்டுக்கு 1. கணக்கு சரி.

பந்தல் என்றது 5 ஜி.பி.யில் ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன். அதில் டெபியன் 13-இன் முதல் டி.வி.டி. ஐ.எஸ்.ஓ. ஃபைலை வைத்தேன். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக்கூடாது, இது சற்றுக் குறைவு, தப்பித்தேன். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. டேட்டாவில் அதை இறக்க மூன்று ராத்திரி ஆனது. கூடவே, ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட் செய்வதற்கென்றே டெபியன் தனியாகத் தரும் கெர்னல், இனிட்ஆர்டி என்ற இரண்டு ஃபைல்கள். இவை ராமுக்குள் ஏறிக்கொண்டு, டிஸ்கில் ஐ.எஸ்.ஓ. எங்கே இருக்கிறதென்று தாமே தேடிக் கண்டுபிடிக்கும். கெர்னலும் ஐ.எஸ்.ஓ.வும் ஒரே வெளியீடாக இருக்கணும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்து வாசல். டிஸ்கின் முதல் செக்டர்தான் எம்.பி.ஆர். மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் பூட் கோடு, 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளம். இதுதான் அப்பா சொன்ன பொதுச் சுவர். வழக்கமாக லினக்ஸ் தன் கிரப்பை இங்கேதான் எழுதும். நான் அதைத் தொடவில்லை. 'கிரப்2வின்' என்ற இலவச புரோகிராமை விண்டோஸிலேயே போட்டேன். அது விண்டோஸின் சொந்த பூட் மெனுவில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளும். அங்கிருந்து பந்தலுக்கு வழி.

எல்லா ஃபைலையும் பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் அமுக்கினேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணக்கு அவருடையது அல்லவா! கறுப்புத் திரை. பிறகு மெனு. புது வரியைத் தேர்ந்ததும் டெபியன் இன்ஸ்டாலர் எழுந்தது. அதில் தமிழும் உண்டு. தமிழைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துக் கூட்டி வாசித்து, "இதுக்கு என்ன சொல்லப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையோ நாளாக நான் டைப் அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்.

காலி இடத்தை மட்டும் காட்டி இன்ஸ்டால் செய்தேன். கிரப்பை எங்கே எழுத என்று கேட்டபோது, எங்கும் வேண்டாம் என்றேன். அதற்கு இன்ஸ்டாலர் கோபிக்கவில்லை. எந்த பார்ட்டிஷன், எந்த கெர்னல் என்று சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னது. குறித்துக்கொண்டு, விண்டோஸுக்குத் திரும்பி, கிரப்2வின் மெனுவில் அந்த விவரத்தை எழுதினேன். மறுபடி ரீஸ்டார்ட். இந்த முறை டெபியன் தன் சொந்தக் கூரையின் கீழே எழுந்தது. குழுக் கணக்கு லிப்ரே ஆஃபீஸில் திறந்தது. கடன் பாக்கி, வட்டி எல்லாவற்றையும் அம்மா நோட்டோடு ஒத்துப்பார்த்து, "சரியா இருக்கு" என்ற பிறகுதான் எழுந்து போனார்.

விண்டோஸை இன்னும் அழிக்கவில்லை. வாசல் அதன் பக்கம்தான் இருக்கிறது. அதை அழித்தால் இதற்கும் வழி போய்விடும். "பந்தலப் பிரிச்சாச்சா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். இல்லை. இன்ஸ்டாலரில் ரெஸ்க்யூ மோட் இருக்கிறது. பயாஸ் பூட்டிய மெஷினுக்கு அவசரத்துக்கு அதுதான் ஆள். 5 ஜி.பி. போனால் போகிறது.

இதே மாதிரி பூட்டிய லேப்டாப் நம் பிரிவில் இன்னும் மூன்று பேரிடம் இருப்பதாகக் கேள்வி. மதிய இடைவேளையில் லேபுக்கு வாருங்கள். ஐ.எஸ்.ஓ. என் பென் டிரைவில் இருக்கிறது. மூன்று ராத்திரி மிச்சம்.