பாக்குவெட்டியும் வாயும்

நீடித்துழைக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் அறிவு தோட்டத்து மக்களிடம் குறைவன்று. பசறைப் பக்கத்து லயமொன்றில் வாழ்ந்த என் அம்மாயி பதுளைக் கடைத்தெருவில் பாக்குவெட்டி வாங்கப் புகுந்தால் கடைக்காரர் பொறுமை இழந்துவிடுவார். கைப்பிடிகளை விரித்து மூடுவாள். ஆணி ஆடுகிறதா என்று காதருகே வைத்துக் கேட்பாள். சுண்ணாம்பு டப்பி அலுமினியமாயின் தொடமாட்டாள். சுண்ணாம்பு அதை அரித்துவிடும், பித்தளையே வேண்டும். பல் போனபின் வாங்கிய சிற்றுரலை வாரந்தோறும் புளியிட்டுத் துலக்கினாள். பாக்குவெட்டிக்குத் தேங்காயெண்ணெய், வெற்றிலைக்கு ஈரத்துணி, சுண்ணாம்பு காயாதிருக்க இரண்டு துளி நீர். கூலிப் பணத்தில் வாங்கிய பொருள் அன்றோ!

இதனை வெறும் கெட்ட பழக்கமென்று ஏசுவோருடன் நான் உடன்படேன். விடியுமுன் வெறுந்தேநீரோடு பிரட்டுக் களத்துக்கு ஓடி, பனியிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்து பறிப்பவளுக்குப் பசியையும் குளிரையும் மறக்கச் செய்வது அந்த ஒரு வாய் வெற்றிலைதான். அட்டை கடித்த காலுக்கும் அதே சுண்ணாம்புதான் மருந்து.

எனினும் உண்மையை மறைத்தல் தகாது. புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்கோடு மெல்லும் வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தது. புகையிலையின் நச்சு வாயின் தோலில் விரைந்து ஊறுவதற்குச் சுண்ணாம்பே துணை செய்கிறது. நம் நாட்டு ஆண்களிடையே முதலிடம் வகிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. அம்மாயியின் கன்னத்துள் வெள்ளைத் தழும்பு படர்ந்ததை எவரும் பார்க்கவில்லை. மகரகமைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்திருந்தது. பித்தளை உரலில் மட்டும் ஒரு கறையும் இல்லை.

இன்று என் மாணவர் சிலர் மின்சிகரெட்டைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்கின்றனர்: எது நெடுநாள் உழைக்கும், மின்கலத்தை எவ்வாறு பேணுவது, சுருளை எப்போது மாற்றுவது? புகையிலை சேர்ந்த மின்சிகரெட்டையும் புகையற்ற புகையிலைப் பொருள்களையும் உற்பத்தி செய்தலும் இறக்குமதி செய்தலும் விற்றலும் 2016-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் இங்கு தடுக்கப்பட்டுள்ளன. அம்மாயியின் மடியில் இருந்ததும் இளைஞன் சட்டைப்பையில் இருப்பதும் சட்டத்தின் முன் நெருங்கிய உறவினர்!

தடை ஒன்றே போதுமா? கொழுந்து நிறுக்குமிடத்தில் முற்றிய இலை ஒன்று கிடந்தாலும் காணும் கண் தோட்டத்தில் உண்டு. பறித்தவளின் வாயைக் காணும் கண் எங்கே? அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர்களே வாய்ப்புற்றையும் அதன் முன்னறிகுறிகளையும் கண்டறிய இயலும் என்பதை, நம் நாட்டிலேயே நடந்து 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. அந்த ஊழியர் மாதம் ஒருமுறை நிறுவைக்கு வந்து நிற்க வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம். கூலிக் கோரிக்கையோடு சேர்த்தே கேட்கலாம்.

அதுவரை ஆசிரியர்கள் வகுப்பில் இதனைச் சொல்லட்டும்: இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் முழுதாகத் திறவாமை. இவற்றுள் ஒன்று வீட்டிலுள்ள அம்மாயிக்கோ அப்பாவுக்கோ இருந்தால், வலிக்காவிட்டாலும், அந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.