முடியவில்லை என்று ஒரு வார்த்தை

நவம்பர் 1, உள்ளாட்சி தினம். எங்கள் தெருமுனையில் சாமியானா போட்டு வார்டுக் கூட்டம் நடத்தினார்கள். முப்பது நாற்காலி இருக்கும். பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். கவுன்சிலர் என் மகள் வயதுப் பெண். கையில் ஒரு நோட்டு. போன கூட்டத்தில் நாங்கள் கேட்டவை, முடிந்தவை, முடியாதவை என்று வரிசையாக வாசித்தார்.

எது யார் பொறுப்பு என்பதையும் விளக்கினார். ஒகேனக்கல் தண்ணீரை ஊர்வரை கொண்டு வருவது குடிநீர் வடிகால் வாரியம். தெருவுக்குள் வரும் குழாய் உள்ளாட்சியைச் சேர்ந்தது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. இது தெரியாமல் நம்மில் பலர் வருஷக்கணக்கில் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். 2013-ல் அந்தத் திட்டம் வருவதற்கு முன் புளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் கறையும் முட்டியில் வலியுமாய் வளர்ந்த மாவட்டம் இது. இங்கே குழாய்த் தண்ணீர் சின்ன விஷயமில்லை.

கடைசியாகச் சிறுபாலம் வந்தது. கேட்டவன் நான்தான். கவுன்சிலர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அது என் தப்புங்க ஐயா. போன மன்றக் கூட்டத்துல வைக்க விட்டுட்டேன். இன்னும் ஆகல" என்றார்.

கோபம் வரவில்லை. எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று எத்தனை பதில் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. குடும்ப ஓய்வூதியம் கேட்டிருந்த ஒரு அம்மாவுக்கு மூன்று தடவை அப்படி எழுதினேன். நாலாவது தடவை அந்த அம்மா மஞ்சள் பையோடு நேரில் வந்துவிட்டார். "பரிசீலனைன்னா என்ன சாமி? ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டார். கோப்பு என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. அதைச் சொல்லாமல், "மேலே போயிருக்கு" என்றேன். பிறகு ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் அன்று சொன்ன பொய் இன்னும் என்னோடு இருக்கிறது.

நான் பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சுப் பள்ளி. நகராட்சி அலுவலகத்தை நாங்கள் 'மேரி' என்போம். 1880-லேயே பிரெஞ்சுக்காரர் அங்கே நகராட்சிகளை ஏற்படுத்திவிட்டார்கள். 1954-ல் இதே நவம்பர் 1 அன்றுதான் ஊர் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1968-ல் நகராட்சித் தேர்தல் நடந்தபோது அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். எனக்கு அப்போது ஓட்டு வயது ஆகவில்லை. "அடுத்த தடவை ரெண்டு பேரும் போவோம்" என்றார். அடுத்த தேர்தல் 2006-ல். முப்பத்தெட்டு வருஷம் கழித்து! அப்பா அதற்குள் போய்விட்டார். நானும் மாற்றலாகி இந்த மாவட்டத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். அந்தக் கவுன்சில்களின் காலமும் 2011-ல் முடிந்தது. அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் அங்கே தேர்தலே நடக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் போனார்கள். 2022 பிப்ரவரி 19-ல்தான் நகர்ப்புறத் தேர்தல் வந்தது. இடையில் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். வேலை நடக்காமல் இல்லை. ஆனால் பால் வாங்கப் போகும்போது வழிமறித்துக் கேட்க ஆளில்லை. ஒரு விஷயமாக நான் மூன்று மனுக்கள் எழுதினேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மூன்றுக்கும் வந்த பதிலில் என் பழைய வாக்கியமே இருந்தது. அந்த அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். கவுன்சிலரிடம் போய், "அம்மா, அடுத்த தடவையும் முடியாததை இப்படியே வாசிச்சுடு" என்றேன். திட்டுகிறேனோ என்று ஒரு கணம் பார்த்தார். "இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன்.

நோட்டைத் திறந்து சிறுபாலத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கும் போவேன். உங்கள் வார்டில் கூட்டம் நடந்தால் நீங்களும் போய் உட்காருங்கள். நாற்காலி காலியாக இருந்தால் யாரிடம் வாசிப்பார்கள்?