எடுத்துக்கோடா

எங்கள் தெருவில் அதற்கு 'டிவி கேம்' என்றுதான் பேர். 1983இல் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் மலிவு நகல் அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே அதே சில ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

எனக்கும் அக்காவுக்கும் காண்ட்ரா. அருவி ஏறும் கட்டத்தில் மேலே போகிறவர் அவசரப்பட்டால் திரை நகர்ந்து, கீழே இருப்பவர் செத்துப்போவார். அக்கா நின்று நின்றுதான் ஏறுவாள். "மெதுவா வாடா." என் உயிரெல்லாம் தீர்ந்துபோனால் அவள் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள ஆட்டத்திலேயே வழி உண்டு. அவளே சொல்வாள்: "எடுத்துக்கோடா."

சேவ் செய்ய வழியில்லை. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

இப்போது போனில் எமுலேட்டர் இருக்கிறது. எந்த நொடியையும் சேவ் செய்துகொள்ளலாம். ஒரே ராத்திரியில் தனியாக முடித்துவிட்டேன். அதே படம், அதே இசை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. சாவுக்குப் பயமில்லாததால் பக்கத்தில் யாரும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா இப்போது வேறு ஊரில். வேலை, இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். போனில் கேட்டால், "எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். இன்னும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறாள். காண்ட்ராவில் அவளிடம் எத்தனை மிச்சம் என்று திரையின் மேலேயே தெரியும். இங்கே நாமாகக் கேட்டால்தான் உண்டு.