பள்ளம் பார்த்து நிறுத்திய லொறி

தெல்தோட்டையைப் பற்றிப் பேச வருபவர்கள் தேயிலையில்தான் தொடங்குவார்கள். பக்கத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை எல்லோருக்கும் தெரியும். மலையில் விளைந்ததைக் கீழே கொண்டுசென்ற லொறிகளையும் அவற்றின் சாரதிகளையும் நினைப்பவர்கள் குறைவு. எனது வாப்பா அப்படியொரு சாரதி. கண்டி முதலாளி ஒருவரின் பழைய டீசல் லொறியை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓட்டியவர்.

கலஹா வழியாகப் பேராதனைக்கு இறங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறினால் நுவரெலியா. மாலையில் அங்கே பசளை மூட்டைகளை இறக்குவார். இரவு தங்கி, அதிகாலை மூன்று மணிக்குக் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு கண்டிச் சந்தையைப் பிடிக்க வேண்டும். பிந்தினால் விலை விழுந்துவிடும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். தேயிலைக் கொழுந்து கருகும். டீசல் இஞ்சின் முரண்டு பிடிப்பதும் அந்தக் குளிரில்தான்.

பெற்றோல் இஞ்சினுக்குத் தீப்பொறி உண்டு. ருடோல்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இஞ்சினுக்கு அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக, இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது எழும் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. இரும்பு குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை அது விழுங்கிவிடும். ஒயில் தடித்து, இஞ்சின் சுற்றக் கனக்கும். அதைச் சுற்ற வேண்டிய பற்றரியும் குளிரில் பலமிழந்து கிடக்கும்.

இரவு முழுவதும் இஞ்சினை ஓடவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் நின்ற இடத்தில் ஓடும் லொறி மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றரைக் குடிக்கும். முதலாளி பயணத்துக்கு அளந்துதான் டீசல் கொடுப்பார். மேலதிகமாகப் போனது வாப்பாவின் சம்பளத்தில் கழியும். எட்டு லீற்றர் என்பது எங்கள் வீட்டில் இரண்டு நாள் சோறு. நிறுத்திவிட்டுக் காலையில் இஞ்சின் பிடிக்காவிட்டாலோ அன்றைய கூலியே இல்லை. ஒவ்வோர் இரவும் வாப்பா இந்த இரண்டுக்கும் நடுவில்தான் படுத்தார்.

அவருக்கென்று சில வழிகள் இருந்தன. லொறியைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தி, சில்லுகளுக்கு மரக்கட்டை வைப்பார். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு முன்பக்கத்தைச் சாக்கால் மூடுவார். பற்றரியைக் கழற்றிக் கெபினுக்குள் கொண்டுவந்து பழைய கம்பளியால் சுற்றி வைப்பார். அதிகாலையில் தேநீர்க் கடைச் சிங்களப் பெரியவர் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் தருவார். அதை ரேடியேட்டரில் மெதுமெதுவாக ஊற்றுவார். சட்டென்று ஊற்றினால் குளிர்ந்த இரும்பு வெடித்துவிடும். பிறகு ஹீற்றர் பிளக்கைச் சூடாக்கி ஸ்டார்ட் பண்ணுவார். அதற்கும் மசியாவிட்டால்தான் பள்ளம் கைகொடுக்கும். உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விடுவார்.

பாடசாலை விடுமுறையில் நான் கிளீனராகப் போவேன். கட்டையை இழுப்பது எனது வேலை. "மகன், கட்டைய இழுத்தா பக்கத்துக்குப் பாயணும். முன்னுக்கு நிக்க வாணாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். இஞ்சின் ஓடாத லொறியில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். குளிருக்குக் கரிச்சட்டியைக் கெபினுக்குள் வைக்கவும் அவர் ஒருபோதும் விடவில்லை. மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குகிறவனை எழும்ப விடாது. ஒரே கம்பளியில் இருவரும் நடுங்கிக்கொண்டு கிடந்தோம். சில இரவுகளில் பற்றரி அந்தக் கம்பளிக்குள் இருந்தது. நாங்கள் சாக்குக்குள் இருந்தோம். வாப்பாவின் நெஞ்சுச்சளி அந்த ஆண்டுகளில் வந்தது. இன்றும் போகவில்லை.

2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூன் முடிவில் 460 ரூபாவானது. லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. செய்தியைக் கேட்ட வாப்பா மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, "எட்டு லீற்றர், மூவாயிரத்து அறுநூத்தி எண்பது" என்றார்.

எங்கள் குளிர் உலகத்துக்கு ஒன்றுமேயில்லை. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகே கட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும். லடாக்கில் சாரதிகள் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்தார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஒயில் நிறுவனம் மைனஸ் 33 பாகையிலும் இளக்கம் கெடாத குளிர்கால டீசலை அங்கே கொண்டுவந்தது. தம்பியின் மகன் இப்போது கனடாவில் லொறி ஓட்டுகிறான். இரவில் இஞ்சினை மின்சார ஹீற்றரில் செருகி வைப்பதையும், சாரதி உறங்கும் கட்டிலுக்குத் தனியாக ஒரு ஹீற்றர் இருப்பதையும் வீடியோவில் காட்டினான்.

வாப்பா இஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஹீற்றரைத் திரும்பக் காட்டச் சொன்னார். அதற்குப் போகும் டீசல் யாருடைய கணக்கில் என்று கேட்டார். கொம்பனியின் கணக்கில் என்றான் அவன். "அப்ப விடிய விடிய போட்டுக்கொண்டு படு மகன்" என்றார் வாப்பா.