அத்தை ஏன் செங்கல் கலர்ல இருக்காங்க?

போன தை மாசம் அத்தை பேரனுக்கு காதுகுத்து. "நம்ம வீட்லயே கேமரா வச்சிருக்கான், வெளியாளு எதுக்கு?"ன்னு சொல்லி ஆல்பம் பொறுப்பையும் என் தலையில கட்டிட்டாங்க. நானும் ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சு, என் பழைய லேப்டாப்ல முன்னூறு படத்துக்கு கலர் சரி பண்ணி பிரிண்டுக்கு குடுத்தேன். ஆல்பம் வந்தது. அத்தை புரட்டிப் பாத்துட்டு கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா தம்பி, எல்லாரும் சூளையிலேர்ந்து எடுத்த செங்கல் மாதிரி இருக்கோம்?"

தப்பு பிரிண்ட் போட்டவங்க மேல இல்ல. மறுபடி பிரிண்ட் போட்ட 3,200 ரூபாய் என் பாக்கெட்லேர்ந்து போனப்பறம்தான் காரணத்தை தேட ஆரம்பிச்சேன்.

விஷயம் இதுதான். விலை குறைஞ்ச லேப்டாப் நிறையவற்றுல திரையோட கலர் அளவு '45% என்டிஎஸ்சி'ன்னு இருக்கும். போன், இணையம், பிரிண்ட் கடை எல்லாம் பொதுவா நம்புற எஸ்ஆர்ஜிபி அளவோட ஒப்பிட்டா அது மூணுல ரெண்டு பங்கு கூட தேறாது. அந்த திரையில சிவப்பு சோகை புடிச்ச மாதிரி தெரியும். நான் என்ன பண்ணேன்? சோகையை பாத்து கலரை ஏத்து ஏத்துன்னு ஏத்தினேன். படத்துல இருந்த சிவப்பு ஏற்கனவே சரியாத்தான் இருந்திருக்கு. பேப்பர்ல வந்தது நான் ஏத்தின செங்கல்!

சரி, புது லேப்டாப் வாங்கணும்னு முடிவாச்சு. அப்பா சீட்டு எடுத்து 60,000 தர்றேன்னார். அவர் சீட்டு எடுத்தா அடுத்த மாசக் கணக்கு எங்க இடிக்கும்னு தெரிஞ்சவன் நான். பி.காம் படிச்சு வேற எதுக்கு?

கூட படிக்கிற பசங்க எல்லாரும் கேமிங் லேப்டாப்தான் வாங்கச் சொன்னாங்க. வேகம் இருக்கும், உண்மைதான். ஒருத்தனோடத கடன் வாங்கி, சார்ஜர், கேமரா, லென்ஸோட பையில போட்டு மளிகைக்கடை தராசுல வச்சேன். 4 கிலோ 700 கிராம். கடைக்கார அண்ணாச்சி "என்ன தம்பி, வெங்காயமா?"ன்னார். பெரம்பலூர்லேர்ந்து அரியலூருக்கு சிமெண்ட் லாரிகளுக்கு நடுவுல, நின்னுக்கிட்டே பஸ்ல போறவனுக்கு இது ஆகாது.

அப்பறம் நான் எனக்கு போட்டுக்கிட்ட கணக்கு:

திரை முதல்ல. '100% எஸ்ஆர்ஜிபி'ன்னு எழுதியிருக்கணும். கடைக்காரர் "சூப்பர் டிஸ்ப்ளே சார்"னு சொல்றது கணக்குல வராது. ரெண்டாவது ரேம். 24 மெகாபிக்சல் ரா படம் ஒவ்வொண்ணும் சுமார் 25 எம்பி வரும், அதனால 16 ஜிபி வேணும். மெலிசான லேப்டாப் பலதுல ரேம் போர்டோடயே பத்த வச்சிருப்பாங்க, அப்பறமா மாத்த முடியாது. மூணாவது எடை. சார்ஜரையும் சேத்துதான் பாக்கணும். டைப்-சி சார்ஜர்னா போனுக்கும் அதுவே ஆகும். பிராசஸர் எனக்கு நாலாவதுதான். எக்ஸ்போர்ட் ஆக ரெண்டு நிமிஷம் கூட ஆனா டீ குடிச்சுக்கலாம், தப்பான கலருக்கு டீ குடிச்சு பிரயோஜனம் இல்ல.

இது எல்லாம் இருக்குற புது மாடல் பட்ஜெட்டை தாண்டிடுச்சு. அப்பதான் தேய்மானப் பாடம் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம்னு போட்டோம்ல? 60,000 ரூபாய் பொருள் ரெண்டு வருஷத்துல 21,600. நிஜ சந்தையில அவ்ளோ விழாது, ஆனாலும் நல்லாவே விழும். பெரிய கம்பெனிகள் கழிச்சு விடுற லேப்டாப் சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கும். கிளம்பிட்டேன்.

போகும்போது கையில ரெண்டு பொருள்: பென்டிரைவ்ல அத்தையோட அரக்கு பட்டுப்புடவை படம், அதோட சரியா வந்த பிரிண்ட். ஒவ்வொரு கடையிலயும் திரை பக்கத்துல பிரிண்டை வச்சு பாத்தேன். நைட் லைட் ஆஃப் பண்ணேன். திரையை சாய்ச்சு பாத்தேன். விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதுசுல எவ்ளோ தாங்கிச்சு, இப்ப எவ்ளோ தாங்குதுன்னு பாத்தேன். ஆறாவது கடையில புடவையும் பிரிண்டும் ஒத்துப்போச்சு. 14 இன்ச், 16 ஜிபி, 1.3 கிலோ, 34,000 ரூபாய். மூடியில ஒரு கீறல் இருக்கு. படத்துல கீறல் வராது :)

மீதி 26,000 சீட்டுக்கே திரும்பிடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, ராத்திரி பரோட்டா வாங்கிட்டு வந்தார்.

முதல் வேலையா கரைவெட்டி ஏரிக்கு போனேன். 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்ல சேந்த நம்ம அரியலூர் மாவட்ட ஏரி. இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து தூரத்துல இருந்துச்சு. திரும்பி வரும்போது பஸ்ல உக்கார எடம் கிடைச்சது, மடியில வச்சு திறந்தேன். அலகு ஆரஞ்சாவே இருந்தது. நான் கலரை தொடவே இல்ல.

அத்தைக்கு அனுப்பினேன். "வாத்து நல்லாருக்கு, என்னையும் இதுமாதிரி எடு"ன்னாங்க.