லோடித் தோட்டத்துக் கிளிகள்

தில்லியில் குடியேறிய நம்மவருள் லோடித் தோட்டத்தைக் காணாதார் சிலரே. 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோடியின் கல்லறையும், வேறு பல பழங்கும்மட்டங்களும் அங்கு நிற்கின்றன. அவற்றின் வரலாற்றைச் சொல்ல வல்லார் பிறர் உளர். சென்ற பங்குனியில் என் மகளுடன் அங்குச் சென்றபோது எங்களைக் கவர்ந்தவை, கற்சுவர்ப் பொந்துகளிலிருந்து எட்டிப் பார்த்த பச்சைக்கிளிகளே.

கிளி கூடு கட்டுவதில்லை. மரப்பொந்தோ சுவர்ப்பொந்தோ வாய்த்தால் அதுவே அதன் இல்லம். பெடை நான்கைந்து முட்டையிட்டு மூன்று வாரங்களுக்குச் சற்று மேலாக அடைகாக்கும். சேவல் இரை கொணர்ந்து ஊட்டும். பொந்துக்கு ஒரே வாயில். காக்கையும் பருந்தும் அதனுள் நுழைய மாட்டா. ஆனால் சாரைப்பாம்பு நுழைந்துவிட்டாலோ, குஞ்சுகள் தப்ப வேறு வழியில்லை. சாரை மரமும் ஏறும். கரடுமுரடான சுவரும் ஏறும். இரவில் மரநாயின் அச்சம் வேறு. மைனாக்களோ பொந்தையே பறித்துக்கொள்ளச் சண்டையிடும். தலைநகரில் வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு இவ்வல்லல் விளங்காததன்று!

வெளியே வந்தால் வைரி காத்திருக்கும். வடநாட்டார் ‘சிக்ரா’ என்னும் சிறு வல்லூறு இதுவே. இலை மறைவில் அசையாது அமர்ந்திருந்து, திடீரெனப் பாயும்.

எளிதில் கண்ணுக்குப் புலப்படாத பகையும் உண்டு. பேன்கள் இறகைத் தின்னும். செள்ளுகள் பகலில் இடுக்குகளில் ஒளிந்து இரவில் குருதி உறிஞ்சும். குடலில் உருளைப்புழுக்கள் வளரும். தன்னிச்சையாய்த் திரியும் கிளி நீராடியும் இறகு கோதியும் பேன்களை ஓரளவு குறைத்துக்கொள்ளும். கூண்டுக்கிளிக்கோ, எச்சத்தோடு வீழ்ந்த புழு முட்டையே சிந்திய உணவோடு மீண்டும் வயிற்றுக்குள் செல்லும்.

என் பாட்டி வீட்டுக் கிளி இறகுதிர்ந்து மெலிந்து மடிந்தது. கண்பட்டதென்று மிளகாய் சுற்றிப் போட்டோம். கூண்டை ஒருநாளும் கழுவினோமில்லை.

சித்திரையில் மீண்டும் தோட்டத்திற்குச் சென்றோம். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருந்தன. எங்கள் கண்ணெதிரே வைரி ஒன்று பாய்ந்து ஓர் இளங்கிளியைக் கவ்விச் சென்றது. கூட்டம் முழுவதும் கதறியது. பதறிப் பறந்த மற்றொரு குஞ்சு புல்தரையில் வீழ்ந்தது.

“வீட்டிற்குக் கொண்டுபோவோம், அப்பா! இல்லாவிட்டால் இதையும் கொன்றுவிடும்” என்று என் மகள் அழுதாள்.

நம் நாட்டுக் கிளியைப் பிடித்து அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அறிவேன். எனினும் அக்கணத்தில் என்னைத் தடுத்தது சட்டமன்று. பாட்டி வீட்டுக் கூண்டே. அருகிலிருந்த தோட்டக்காரர் குஞ்சை மெல்லத் துணியால் எடுத்து, இலையடர்ந்த கிளையொன்றில் அமர்த்தினார். எங்களைத் தள்ளி நிற்குமாறு கையசைத்தார்.

அரைமணி நேரம் காத்திருந்தோம். வைரி எங்கோ இருந்தது. பிறகு தாய்க்கிளி வந்து குஞ்சின் அலகோடு அலகு பொருத்தியது.